இரண்டு வீடு தாண்டித் தெரு

எங்கள் பரீட்சைக் கைடின் அட்டையில் சிவப்புப் பட்டை ஒன்று உண்டு. அதில் 'வல்லுநர் குழு தொகுத்தது' என்று வெள்ளை எழுத்தில் போட்டிருக்கும். அந்தக் குழுவைப் பதினெட்டு வருஷமாக எதிர் மேசையில் பார்த்தவள் நான். ஒற்றை ஆள். மாற்றி மாற்றிப் போட இரண்டு சட்டை, ஒரு பக்கக் கம்பி உடைந்து நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி, கையடக்கப் பென்சில் ஒன்று. அவருக்குக் 'குழு' என்று பட்டப்பெயர் வைத்ததும் நான்தான். குழு வந்தாச்சா, குழு சாப்பிட்டாச்சா, குழுவுக்கு இன்னிக்கு ஜலதோஷம், யாரும் கிட்டப் போகாதீங்க என்று நாள் முழுக்க ஓட்டுவேன். அவரும் சிரிப்பார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் எனக்கு வந்த கேடு குறைவு, அடுத்தவருக்கு வந்தது அதிகம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்குப் புத்தகம் போடுகிற அச்சகம் எங்களுடையது. அதில் அதிகம் விற்பது 'இந்திய, உலகப் புவியியல்: நாலாயிரம் வினா விடை'. கேள்வி எழுதுவது, நாலு விடை கொடுப்பது, கடைசிப் பக்கங்களில் விடைக்குறிப்பு போடுவது எல்லாம் அவர் வேலை. மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. கடகரேகையை இரண்டு முறை கடக்கிற இந்திய ஆறு எது என்றால் யோசிக்காமல் மாஹி என்பார். மகரரேகைக்கு லிம்போபோ, பூமத்தியரேகைக்குக் காங்கோ என்று கேட்காமலே சேர்த்துச் சொல்வார். இந்த மனிதர் எங்கள் ஊர் ரயில் பாதையைத் தாண்டிப் போனது நானறிந்து நாலைந்து தடவை இருக்கும். கடலை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

இளமையில் அவரும் அதே பரீட்சையை ஐந்து தடவை எழுதியவர்தான். புவியியலில் முழு மதிப்பெண் எடுத்து, கணக்கில் கோட்டை விட்டு, வயது வரம்பு தாண்டி இந்த மேசைக்கு வந்து சேர்ந்தார். அதனால்தானோ என்னவோ, விடைக்குறிப்பு என்றால் அவருக்கு உயிர். ஒவ்வொரு விடையையும் மூன்று புத்தகத்தில் சரிபார்ப்பார். இரண்டு விடை இருக்கிற கேள்வியைச் சேர்க்கவே மாட்டார். உலகில் நீளமான ஆறு நைலா அமேசானா என்று ஒருமுறை கேட்டேன்.

"அடிச்சுக்கிறவங்க அடிச்சு முடிக்கட்டும் தங்கச்சி. அப்புறமா போட்டுக்கலாம். ஒரு மார்க்குல வாழ்க்கையே மாறிப்போற பிள்ளைங்க படிக்கிற புத்தகம் இது."

ஒன்பது பதிப்பு வரைக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு விடைகூடத் தப்பு கிடையாது. மெய்ப்புப் பார்த்தவள் சொல்கிறேன்.

அவருக்கு ஒரே மகள். பாப்பா என்போம். இருபத்தொன்பது வயதிலும் பாப்பாதான். அவள் அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அப்பாவுக்குக் கிடைக்காமல் போன அந்த வேலையை வாங்கியே தீருவது என்று இருந்தாள். நாலு தடவை எழுதி, கடைசித் தடவை மூன்று மதிப்பெண்ணில் நழுவவிட்டாள். இனி ஒரே ஒரு முறைதான் எழுதலாம், அதற்கப்புறம் வயது வரம்பு கதவைச் சாத்திவிடும். அப்பாவும் மகளும் மூச்சுவிடுவதே அந்த ஒரு முறைக்காகத்தான் என்று ஆகியிருந்தது.

அவர்கள் வீட்டை நீங்கள் பார்க்க வேண்டும். தெருவில் முதலில் ஒரு வீடு. அதன் பக்கச் சந்தில் நுழைந்தால் இரண்டாவது வீடு. அந்த இரண்டாவது வீட்டின் கூடத்துக்குள்ளேயே, காயப்போட்ட துணிக்கடியில் குனிந்து, அவர்கள் பார்க்கிற டிவிக்குக் குறுக்கே போய், பின்கதவைத் திறந்தால் குழுவின் ஒற்றை அறை. முன்னால் இருக்கும் இரண்டு குடும்பத்தில் எது கோபித்துக்கொண்டாலும் இவர்கள் தெருவைப் பார்க்க முடியாது. பாப்பா எட்டாவது படிக்கும்போது இதற்காக அழுதாளாம். அப்போது அவர் உலகப்படத்தை விரித்து உஸ்பெகிஸ்தானைக் காட்டியிருக்கிறார். சுற்றியிருக்கிற ஐந்து நாட்டுக்கும் கடல் கிடையாது. அந்த ஊர்க்காரன் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு நாட்டைத் தாண்ட வேண்டும். ஆசியாவில் அப்படி அது ஒன்றுதான்.

"நாமதாம்மா உஸ்பெகிஸ்தான். ஒரு நாடே இப்படி இருக்கு, ஒரு வீடு இருந்தா என்ன?" என்றாராம்.

அதிலிருந்து அவர்கள் வீட்டுக்கு அதுதான் பெயர். நான் போகும்போதெல்லாம், "வாங்க அத்தை, ரெண்டு எல்லையும் தாண்டிட்டீங்களா? யாரும் புடிச்சு வைக்கலையே?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியைப் புத்தகத்திலும் அவர் சேர்த்திருந்தார். 'கடலைப் பார்க்க இரண்டு நாடு தாண்ட வேண்டிய ஆசிய நாடு எது?' என்று எழுதியிருந்தார். பார்க்க என்று யாராவது எழுதுவார்களா? நான் 'கடலை அடைய' என்று திருத்தினேன். அவர் என் திருத்தத்தை அடித்துவிட்டு மறுபடி 'பார்க்க' என்றே போட்டார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பத்தாம் பதிப்பு தயாரானபோதுதான் வினை வந்தது. எங்கள் தெருக் கோடியில் இன்னொரு பதிப்பகம் முளைத்து, எங்கள் புத்தகத்தை அப்படியே உருவி வேறு அட்டையில் போட்டது. முதலாளி வக்கீல் நோட்டீஸ் விட்டார். நாட்டின் தலைநகரம் எந்தப் புத்தகத்திலும் ஒன்றாகத்தானே இருக்கும், இதில் திருட்டு எங்கே வந்தது என்று அவர்கள் பதில் போட்டார்கள். முதலாளி இரண்டு நாள் கொதித்தார். மூன்றாம் நாள் எங்கள் மேசைக்கு வந்தார்.

"குழு, ஒரு விடையை மாத்தி வைங்க."

"புரியல முதலாளி."

"வேணும்னே ஒரு தப்பு. ஒரு பொறி. அவன் காப்பியடிச்சா அந்தத் தப்பும் சேர்ந்து போகும், கையும் களவுமா மாட்டுவான். சரியான விடை ஊருக்கே பொது. தப்புதான்யா நமக்குன்னு சொந்தம்."

குழுவின் முகம் வெளுத்துவிட்டது. முடியாது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. சொல்லாமலே இரண்டு நாள் கடத்தினார். முதலாளி போகவும் வரவும் "என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அச்சு நின்றுபோய், எனக்கு அடுத்த புத்தகம் குவிந்துகொண்டிருந்தது. எனக்குத்தான் பொறுமை கிடையாதே.

"நாலாயிரத்துல ஒண்ணுண்ணே! எவன் உக்காந்து அதைக் கேக்கப் போறான்? போட்டுட்டு வேலையைப் பாருங்க" என்றேன். என் வாயில் அன்றைக்குக் கொள்ளிக்கட்டையை வைத்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் விடைக்குறிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். உஸ்பெகிஸ்தான் கேள்விக்கு நேரே இருந்த 'ஆ'வை அடித்து 'ஈ' என்று போட்டிருந்தார். 'ஈ' என்றால் கிர்கிஸ்தான். அதன் பக்கத்திலேயே சீனா இருக்கிறது, சீனாவைத் தாண்டினால் கடல். ஒரு நாடு போதும். பார்த்தால் சரி போலவே இருக்கும் தப்பு.

"இத்தனை இருக்க, இந்தக் கேள்விதான் கிடைச்சுதா?" என்றேன்.

"இதுன்னா பாப்பா தப்பா எழுத மாட்டா" என்றார்.

நான் சிரித்தேன். பிள்ளைப் பாசம் என்று நினைத்தேனே தவிர, அந்த வார்த்தையின் மறுபக்கம் என் மண்டையில் ஏறவில்லை. மெய்ப்பில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

தெருக் கோடிப் பதிப்பகம் நாலு மாதத்தில் மாட்டியது. அவர்கள் புத்தகத்திலும் 'ஈ'. இன்னொரு ஊர்க்காரன் புத்தகம் வந்தது, அதிலும் 'ஈ'. முதலாளி வழக்குப் போட ஆயத்தமானார். குழு அந்த இரண்டு புத்தகத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

மறுவருஷம் பாப்பாவின் கடைசிப் பரீட்சை. எழுதி முடித்து நேரே அச்சகத்துக்கு வந்தாள். மத்தியானம் ஒரு மணி இருக்கும், நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததுமே நன்றாக எழுதியிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது.

"அப்பா! நம்ம வீடு வந்திருக்குப்பா! எழுபத்து நாலாவது கேள்வி! அந்த ஹால்ல எனக்குச் சிரிப்பே வந்துடுச்சு, மேற்பார்வைக்காரம்மா முறைச்சாங்க."

அவர் கேள்வித்தாளை வாங்கினார். நானும் எழுந்துபோய் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். 'கடலைப் பார்க்க இரண்டு நாடு தாண்ட வேண்டிய ஆசிய நாடு எது?' அதே நாலு விடை, அதே வரிசை. 'பார்க்க' என்ற இடத்தில் விரலை வைத்தேன். அந்தச் சொல் உலகத்தில் ஒரே ஒருவர் போட்ட சொல். கேள்வித்தாள் தயாரித்த புண்ணியவான் எங்கள் புத்தகத்தையோ, எங்களைத் திருடியவன் புத்தகத்தையோ மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறான்.

"நல்லதும்மா" என்றார் குழு. "நல்லது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு."

அவள் போனதும் என்னைப் பார்த்தார். "கேள்வியை எடுத்தவன் விடையையாவது சரிபார்த்திருப்பான் இல்ல தங்கச்சி?"

"பார்க்காமலா? அவ்வளவு பெரிய ஆபீஸ்ணே" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

பத்து நாள் கழித்து அரசு விடைக்குறிப்பு வெளியானது. எழுபத்து நாலு: ஈ.

அவளுக்கு ஒரு மதிப்பெண் போனது போக, தப்பு விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு வேறு. எங்கள் கைடை உருப்போட்ட பிள்ளைகளுக்கெல்லாம் மதிப்பெண் கிடைத்தது. அதை எழுதினவர் மகளுக்கு மட்டும் இல்லை. ஆட்சேபம் தெரிவிக்க ஐந்து நாள் கொடுத்திருந்தார்கள்.

பாப்பா பதறவில்லை. "இதுக்கென்னப்பா, உலகப்படத்தை நகலெடுத்து வெச்சு அனுப்பினா மாத்திடுவாங்க" என்றாளாம். அவர் வீட்டில் இருந்த உலகப்படத்தில் புதியது ஆறு வருஷத்துப் பழசு. அதை நகலெடுத்தார். அது மட்டும் போதாது என்று அவருக்குத் தெரியும். மூன்று புத்தகம் ஒரே குரலில் 'ஈ' என்றால், உலகப்படத்தை யார் பார்ப்பார்கள்? அவர் முதலாளி அறைக்குப் போனார். நானும் கூடவே போனேன்.

முதலாளி விஷயத்தைக் கேட்டதும் துள்ளினார். "நம்ம புத்தகத்துலேருந்தே கேள்வி எடுத்திருக்காங்களா! எத்தனை கேள்வி? அட்டையில போடலாமே!"

"முதலாளி, அந்த விடை தப்புன்னு, நாம வேணும்னே வெச்சதுன்னு ஒரு கடுதாசி தரணும். பாப்பாவுக்கு இதான் கடைசி."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்லமாட்டேன். பாப்பாவின் அம்மா காரியத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவர்.

"குழு, வேணும்னே தப்பு வெச்சோம்னு நானே எழுதிக் கொடுத்தா, நாளைக்கு எந்தப் பிள்ளை இந்தப் புத்தகத்தைத் தொடும்? அதுக்குப் பயந்துதான் வழக்கையே போடாம விட்டேன். பதினாலு குடும்பம் இதுல சாப்பிடுது. உங்க குடும்பமும்தான்."

"ஒரே ஒரு கடுதாசி..."

"என்னால ஆகாதுய்யா. தப்பா நினைக்காதீங்க."

நான் கத்தினேன். பொறி வைக்கச் சொன்னது யார், அவர் பெத்த பொண்ணே அதுல விழுந்து கெடக்கா, ஈவிரக்கம் இருக்கா என்று இரைந்தேன். குழு என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டார்.

மேசையில் உட்கார்ந்து அவரே எழுதினார். மேற்படி நூலைத் தொகுத்தவன் நான் ஒருவனே. எண் இன்ன வினாவுக்கு நான் தெரிந்தே தவறான விடை வைத்தேன். 'பார்க்க' என்ற சொல் என்னுடையது, அதைக்கொண்டே வினா எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று அறியலாம். என் தவற்றுக்காக என் மகளைத் தண்டிக்க வேண்டாம். அவ்வளவுதான். என்னிடம் நீட்டினார். பதினெட்டு வருஷத்தில் அவர் எழுதியதில் நான் ஒரு புள்ளிகூடத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்தது அது ஒன்றுதான்.

"பாப்பாகிட்ட சொல்லாம அனுப்ப முடியாது. அவதான் கையெழுத்துப் போடணும். நீயும் வா" என்றார்.

முதல் வீட்டைத் தாண்டினோம். இரண்டாவது வீட்டுக் கூடத்தில் குனிந்து நடந்தோம். பாப்பா விண்ணப்பத்தை நிரப்பி, உலகப்பட நகலைக் குத்தூசியால் கோத்து வைத்திருந்தாள். கடிதத்தை வாங்கிப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"இது நீங்க வெச்சதாப்பா?"

"ஆமாம்மா."

"நாலாயிரம் கேள்வி இருக்கேப்பா. ஏன் இதை எடுத்தீங்க?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "எது மறந்தாலும் உனக்கு இது மறக்காது. நீ இதைத் தப்பா எழுத மாட்டேன்னுதான்."

கூடத்து டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ மத்த பிள்ளைங்க எழுதினா பரவாயில்லையாப்பா?" என்று கேட்டாள்.

இத்தனை நாளும் அந்த வார்த்தையின் மறுபக்கம் என் மண்டையில் ஏறவில்லை என்றேனே, அன்றைக்கு ஏறியது. முகம் தெரியாத ஆயிரம் பிள்ளைகள் விழட்டும், என் பிள்ளை தப்பித்தால் போதும் என்று பார்த்துப் பார்த்து வைத்த பொறி அது. அதில் அந்த ஆயிரம் பேரும் தப்பித்தார்கள், அவர் பிள்ளை மட்டும் விழுந்தாள். அவர் குலுங்கி அழுதார். பாப்பா எழுந்து தண்ணீர் மொண்டு கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

முடிவுகள் வந்தன. ஒரே ஒரு மதிப்பெண்ணில் போயிற்று. ஆட்சேபத்துக்கான பதில் அதற்கு முந்தின நாள்தான் தபாலில் வந்தது. அதை நான் மனப்பாடமாகச் சொல்வேன்.

'வினா எண் 74-க்கான விடை, வல்லுநர் குழு தொகுத்த நூல் உள்ளிட்ட மூன்று நூல்களுடன் ஒப்பிடப்பட்டு உறுதி செய்யப்பட்டது. இணைக்கப்பட்ட உலகப்படம் பழைய பதிப்பாகையால் ஏற்பதற்கில்லை. தவற்றைத் தாமே செய்ததாகக் கூறும் மனுதாரரின் தந்தையின் பெயர் அந்நூலில் எங்கும் காணப்படவில்லை.'

உண்மைதான். அட்டையில் அவர் பெயர் இல்லை. அட்டையில் இருப்பது குழு. நான் விளையாட்டாக வைத்த பெயர் என்று நினைத்திருந்தேன். அந்த வல்லுநர் குழு சொன்னதை வைத்துத்தான் அந்த மனிதர் சொன்னதைத் தள்ளினார்கள்.

பாப்பா இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். நான் போனால் "வாங்க அத்தை" என்பதோடு சரி. எல்லையைத் தாண்டியாச்சா என்று கேட்பதில்லை. அப்பாவோடு சண்டையெல்லாம் இல்லை. சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாள், கண்ணாடிக்குப் புதுக் கம்பி மாட்டிக் கொடுத்திருக்கிறாள். அவர் உலகப்படத்தை மட்டும் பரணில் போட்டுவிட்டாள்.

போன மாதம் பதினோராம் பதிப்பின் மெய்ப்பு என் மேசைக்கு வந்தது. அந்தக் கேள்வி அப்படியே இருந்தது. நான் சிவப்புப் பேனாவை எடுத்து, காகிதம் கிழிகிற மாதிரி 'ஈ'யை அடித்து 'ஆ' என்று போட்டேன். இப்போதாவது ஒழிந்து தொலையட்டும் என்று இருந்தது. தாள் எதிர் மேசைக்குப் போனது. குழு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் திருத்தத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் 'ஈ' என்று எழுதினார்.

"என்னண்ணே பண்றீங்க!"

"அரசாங்க விடைக்குறிப்பு இதான் தங்கச்சி. திரும்பக் கேட்டா இதுக்குத்தான் மார்க். நாம சரியா போட்டா, படிக்கிற பிள்ளைக்கு அந்த மார்க் போயிடும்."

"தப்புண்ணே அது!"

"இப்ப தப்பு இல்ல. இனிமே எந்தப் புத்தகத்துல பார்த்தாலும் இதான் சரி." பென்சிலைக் கீழே வைத்தார். "எம்பொண்ணு ஒருத்திதான் தப்பு."

தாளை என்னிடம் தள்ளினார். அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்துக்கு இடம் இருந்தது. போட்டேன்.